‘நான்’ என்று சொல்லுமுன்

ஆத்ம விசாரத்தில் இறங்கிய நம் பெரியவர்கள் ‘நான்’ என்னும் சொல்லையே முதலில் பிடித்துக்கொண்டு, அதன் உள்ளே இருப்பது என்ன என்று ஆராய்ந்தார்கள். அத்வைதி அதைப் பிரம்மம் என்றான். பௌத்தன் அங்கே ஒன்றுமே இல்லை என்றான். வைஷ்ணவனோ, ஜீவனின் ஸ்வரூபமே பிறிதொருவனுக்கு உரிமைப்பட்டிருப்பது என்று கண்டு, ‘நான்’ என்ற சொல்லைக் கீழே வைத்துவிட்டு ‘அடியேன்’ என்றான். இந்த விவாதங்களையெல்லாம் புத்தகத்தில் படித்துத் தலையசைத்துக்கொண்டிருந்த எனக்கு, ‘நான்’ என்ற சொல்லே எளிதில் கைக்கு அகப்படாத ஒரு பாஷையைக் கற்க நேர்ந்தபோதுதான், அவை உயிருள்ள விஷயங்கள் என்பது உறைத்தது.

மெல்பர்ன் நகரத்தின் தென்கிழக்கே ஸ்பிரிங்வேலில், 1975இல் யுத்தம் முடிந்தபின் தாய்நாட்டைவிட்டு வந்த வியட்நாமியர் பலர் குடியேறி, அங்காடித் தெருவையே தங்கள் ஊர்த் தெருவாக ஆக்கிக்கொண்டார்கள். அங்கே எங்கள் அடுத்த வீட்டுக்குச் சென்ற ஆண்டு ஒரு மூதாட்டியும் அவருடைய மகனும் குடிவந்தார்கள். மகன் ஆங்கிலம் நன்றாகப் பேசுவார்; தாய்க்கு அது வராது. வந்த இரண்டாம் வாரமே, அந்த அம்மையார் வேலிப் பலகைக்கு மேலாகக் கையை நீட்டி, இரண்டு பாகற்காய்களை என்னிடம் கொடுத்து ஏதோ சொன்னார். மகனைக் கூப்பிட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் அர்த்தம் தெரிந்திருக்கும். ஆனால் ஒருவர் தம் கையால் நேரே நீட்டியதை இன்னொருவர் வாய்வழியாக வாங்கிக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்தப் பாகற்காய்தான் எனக்கு அரிச்சுவடி.

வந்தனம் சொல்லும் வார்த்தையே முதல் தடையாக நின்றது. வியட்நாமிய மொழியில் அது ‘சாவ்’. காலை வேளையில், எண்பது வயதை நெருங்கிய ஒரு மூதாட்டியைப் பார்த்து ‘சாவ்’ என்று சொல்லத் தமிழ் நாக்கு கூசுகிறது. பல நாள் தனியே சொல்லிப் பழகியபின்தான் என் காது அந்த ஒலியிலிருந்து தன் சொந்த அர்த்தத்தைக் கழற்றி வைத்தது. அப்புறம் ஸ்வரங்கள். ‘மா’ என்பதைச் சமமாக நிறுத்தினால் பேய். மேலே ஏற்றினால் தாய். கீழே இறக்கி அமுக்கினால் நாற்று. அந்த அம்மையார் வேலிக்கு அப்பால் நின்று, கையை ஆகாயத்தில் ஏற்றியும் இறக்கியும், நாற்று நடுபவர்போல் குனிந்து காட்டியும் இந்த பேதத்தை எனக்குக் கற்பித்தார். ஒரே ஓர் ஒலி மட்டும் எனக்கு வரமாக வாய்த்தது: ‘காது’, ‘பாட்டு’ என்னும் சொற்களின் கடைசியில் நாம் இதழ் குவியாமல் சொல்லும் குற்றியலுகரம் அவர்கள் மொழியில் ஒரு முழு உயிரெழுத்தாகவே இருக்கிறது.

அவிஞோன் நகரத்தவரான அலெக்சாந்தர் தெ ரோது என்ற இயேசு சபைப் பாதிரியார் 1624ஆம் ஆண்டின் இறுதியில் கொச்சின் சீனாவில் இறங்கியபோது, அந்நாட்டார் பேச்சு பறவைகளின் கீச்சொலிபோல் இருந்தது என்றும், மூன்றே வாரத்தில் தமக்கு அதன் ஸ்வரங்களையெல்லாம் கற்பித்தவன் ஒரு சிறுவன் என்றும் எழுதிவைத்திருக்கிறார். அவருக்கு முன்பே 1617இல் அங்கே வந்து அம்மொழியைக் கைவரப் பெற்றவர் பிரான்சிஸ்கோ தெ பினா. இவர்களுடைய உழைப்பின் பயனாக, வியட்நாமியம், போர்ச்சுகீசியம், இலத்தீன் மூன்றும் சேர்ந்த அகராதி 1651இல் ரோமாபுரியில் அச்சாயிற்று. அந்த உழைப்பை நான் வணங்குகிறேன். ஆயினும் அவர்கள் கற்றது போதிப்பதற்காக. அயலானிடம் கேட்பதற்கு முன்பே அவனிடம் சொல்லவேண்டியது அவர்கள் மடியில் இருந்தது. ஒன்றும் சொல்வதற்கில்லாமல் ஒருவருடைய பாஷையைக் கற்பதுதான் அயலன்பு என்பது என் அபிப்பிராயம். அந்தச் சிறுவனை அந்த மூன்று வாரமும் பாதிரியாருக்குக் குருவாகவே நினைக்கிறேன்.

முதல் முறையாக ஒரு முழு வாக்கியம் பேச நான் முயன்றபோது, அம்மையார் என்னை இடைமறித்து என் வயதைக் கேட்டார். சொன்னேன். அது போதவில்லை, என் தாயார் இருக்கிறாரா, அவருக்கு என்ன வயது என்று கேட்டார். என் தாயார் அவரைவிட இரண்டு வயது மூத்தவர் என்று தெரிந்ததும் முகம் மலர்ந்து, தம் மார்பைத் தொட்டு ‘யீ’ என்றார். என்னைச் சுட்டி ‘கோன்’ என்றார். ‘யீ’ என்பது தாயின் தங்கை, நம் சித்தி. ‘கோன்’ என்பது பிள்ளை. தென் வியட்நாமில் தலைச்சன் பிள்ளையை ‘இரண்டாவது’ என்றே அழைப்பது வழக்கமாகையால், மூன்றாவதாகப் பிறந்த அவர் ‘யீ து’, அதாவது நான்காம் சித்தி. அன்று முதல் அவர் தம்மைப் பற்றிப் பேசினால் ‘சித்தி கீரை பறித்தாச்சு’ என்பதுபோல் சொல்வார். நானும் என்னைப் பற்றிப் பேசினால் ‘பிள்ளை சாப்பிட்டாச்சு’ என்கிறேன்.

நம் வீடுகளிலும் தாய் குழந்தையிடம் ‘அம்மா இதோ வந்துட்டேன்’ என்கிறாள். ஆனால் கவனித்துப் பாருங்கள்: ‘அம்மா’ என்று சொல்லித் தன்னை மறைத்தாலும், வினைமுற்றின் கடைசியில் ‘ஏன்’ என்ற விகுதியாக ‘நான்’ வந்து உட்கார்ந்துவிடுகிறது. ‘அடியேன்’ என்று பணிந்த வைஷ்ணவனுடைய சொல்லுக்குள்ளும் அதே ‘ஏன்’ இருக்கிறது. வியட்நாமிய வினைச்சொல்லுக்கு விகுதியே இல்லாததால், அகங்காரம் ஒதுங்கி நிற்க ஒரு திண்ணைகூட அங்கே கிடையாது. பொதுவாக ‘நான்’ என்று சொல்ல ‘தோய்’ என்ற சொல் ஒன்று உண்டு. அதன் பழைய பொருளோ ஊழியன் என்பது. அச்சொல்லை அந்நியரிடம் சொல்வார்கள். வீட்டில் ஒருவர் திடீரென்று அதைச் சொன்னால், மனஸ்தாபம் என்று அர்த்தம். உள்ளே திரும்பி ‘நான் யார்’ என்று கேட்டுக்கொள்ளும்படி ரமணர் உபதேசித்தார். ‘எனக்கு நீ யார்’ என்று இந்தச் சித்தி என்னை வெளியே இழுத்துக் கேட்டார். இரண்டும் ஒரே கதவின் இரண்டு பக்கங்களாக எனக்குத் தோன்றுகின்றன.

இதில் ஓர் ஆட்சேபம் உண்டு. அதை ஒதுக்கிவிட முடியாது. மேல், கீழ் என்று இடம் பிடிக்காமல் வாயையே திறக்க முடியாத பாஷை சமத்துவத்துக்கு விரோதமல்லவா? பண்ணையார் வீட்டுப் பொடியன் நரைத்த தலையரை ‘நீ’ என்றும், அதற்கும் கீழான சொல்லாலும் அழைத்ததைக் கண்ட நாம் இந்தக் கேள்விக்கு லேசாகப் பதில் சொல்லக்கூடாது. அங்கேயும் புரட்சிக்காரர்கள் எல்லோரையும் சமமாக அழைக்கத் ‘தோழர்’ என்ற சொல்லைக் கொண்டுவந்தார்கள். ஆனால், வயதை வைத்துக் கிடைக்கும் மேலிடம் இன்று பிள்ளையாக நிற்பவனுக்கும் ஒருநாள் வந்து சேரும். பிறப்பால் கீழிடத்தில் தள்ளப்பட்டவனுக்கு அது என்றைக்கும் வருவதில்லை. அந்த வித்தியாசம் எனக்குப் பெரிதாகவே படுகிறது.

பாகற்காயை அவர்கள் ‘கோ குவா’ என்கிறார்கள். ‘கோ’ என்றால் கசப்பு, துன்பம். புத்தர் சொன்ன துக்கத்துக்கும் அவர்கள் பாஷையில் அதுதான் பெயர். ‘குவா’ என்ற ஒலிக்குக் கடந்துபோதல் என்றும் பொருள் வருவதால், துன்பம் கழியட்டும் என்று புத்தாண்டில் பாகற்காய் சமைத்து உண்பார்கள். சித்தி வேலிக்கு மேலாக அன்று என்ன சொன்னார் என்பது இதை அறிந்தபின்தான் எனக்கு விளங்கிற்று.

அவருடைய கணவர் 1979இல் படகேறினார். படகு எந்தக் கரையையும் அடையவில்லை. ஐக்கிய நாடுகளின் அகதிகள் ஆணையம் அதே ஆண்டில் வியட்நாம் அரசோடு செய்துகொண்ட ஏற்பாட்டின்படி, தாயும் பிள்ளையும் பல வருஷம் கழித்து விமானத்தில் வந்தார்கள். இறந்த திதி தெரியாததால், அவர் வீட்டைவிட்டுப் புறப்பட்ட நாளையே சந்திரமானக் கணக்கில் வைத்துத் திவசம் செய்கிறார்கள். திதி தெரியாதவர்களுக்கு நாம் மஹாளய அமாவாசையை வைத்திருப்பதை என் சிறு மொழியில் சொன்னேன். சித்தி வெகுநேரம் தலையசைத்தார்.

இவ்வாண்டு என்னையும் அழைத்திருந்தார்கள். படையலின் நடுவே பாகற்காய்க் குழம்பு ஆவி பறந்துகொண்டிருந்தது. ஊதுவத்தி எரிந்து முடியும்வரை யாரும் உண்பதில்லை. ஒரு வத்தியைக் கொளுத்தி என் கையில் கொடுத்து, நீயே சொல் என்பதுபோல் சித்தி விலகி நின்றார். படத்தில் இருந்தவருக்கு முப்பத்தாறு வயதுக்குமேல் இராது. என் தலையோ நரைத்துவிட்டது. வயதைப் பார்த்தால் அவர் எனக்குத் தம்பி. அவரை என்னவென்று அழைப்பது, அவர் முன்னே என்னை என்னவென்று சொல்லிக்கொள்வது என்று தெரியாமல் நின்றேன். வத்தியின் சாம்பல் வளைந்து விரல்மேல் உதிர்ந்தது. சித்தி காதருகே வந்து, ‘யுவங்’ என்று மெல்லச் சொல்லிக்கொடுத்தார். சித்தப்பா. ‘சித்தப்பா, பிள்ளை வந்திருக்கிறது’ என்று அவர்கள் பாஷையில் சொன்னேன்.