திறந்து காட்டும் கணினியும் திருக்கோஷ்டியூர்க் கோபுரமும்

சீடன்: ஐயா, சேரப்பணஞ்சேரியில் ஆறு பேர் ஓர் அறையில் தங்கி, ஒரகடத்துக் கம்பெனிகளுக்கு ஷிஃப்ட் போகிறோம். வீட்டுக்காரர் வை-ஃபை பாஸ்வேர்டை வாயால் சொல்லவில்லை; என் லேப்டாப்பில் தன் கையாலேயே தட்டினார். நேற்று கமாண்ட் ப்ராம்ப்டில் நெட்ஷ் கட்டளையைக் கொடுத்து, கடைசியில் 'கீ=க்ளியர்' என்று சேர்த்தேன். அந்தச் சொல் அப்படியே திரையில் வந்துவிட்டது. மறைத்து வைத்ததைக் கணினி இப்படிக் காட்டிக்கொடுக்கலாமா?

குரு: நீ வங்கிக் கணக்கில் நுழையும்போது, வங்கியின் கணினிக்கு உன்னைச் சரிபார்ப்பது மட்டுமே வேலை. அதனால் பாஸ்வேர்டைத் திருப்பி எடுக்க முடியாத ஒரு தடத்தை வைத்துக்கொண்டாலே அதற்குப் போதும். உன் லேப்டாப்போ ஒவ்வொரு முறையும் ரவுட்டரிடம் தன்னை நிரூபிக்க வேண்டும். வை-ஃபையைப் பூட்டும் டபிள்யுபிஏ2 முறையில் பாஸ்வேர்டும் நெட்வொர்க்கின் பெயரும் சேர்ந்து 4,096 சுற்றுக் கணக்கில் 256 பிட் சாவியாகின்றன. இரு பக்கமும் அதை வைத்தே ஒன்றையொன்று அறிகின்றன. பாஸ்வேர்டு காற்றில் போவதே இல்லை. ஆகவே மூலச்சொல்லோ அந்தச் சாவியோ உன் லேப்டாப்பில் இருந்தே தீரும். விண்டோஸ் அதை மறையாக்கித்தான் வைக்கிறது. ஆனால் மறையை அவிழ்க்கும் வழியும் அதே கணினியில்தான் இருக்கிறது. நிர்வாகி உரிமையோடு உட்கார்ந்திருப்பவன் கேட்டால் காட்டும்.

சீடன்: ஆண்ட்ராய்டு போனே க்யூஆர் கோடாகப் பகிரச் சொல்கிறதே?

குரு: வசதி இருக்கிறது என்பதால் அனுமதியும் வந்துவிடாது. அடுத்ததைக் கேள்.

சீடன்: அறைக்குப் புதிதாக வந்த ஒடிசாப் பையன்கள் இருவர் பாஸ்வேர்டு கேட்கிறார்கள். ஊரில் இருக்கும் அம்மாவோடு முகம் பார்த்துப் பேச டேட்டா போதவில்லை. ஐயா, நமக்குப் பக்கத்தில் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்தவர் இராமானுசர். 18 முறை நடந்து திருக்கோஷ்டியூர் நம்பியிடம் மந்திரப்பொருள் பெற்றார். வெளியே சொன்னால் நரகம் என்று தெரிந்தும் கோபுரம் ஏறி ஊருக்கே சொன்னார். அவர் செய்தது அருள், நான் செய்தால் திருட்டா?

குரு: நல்ல கேள்வி. எனக்கும் இது வெகுநாள் உறுத்தியது. மந்திரம் எத்தனை பேருக்குப் போனாலும் நம்பியிடம் குறையாது, வை-ஃபை குறையும் என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்ள மாட்டேன். அது சின்னக் காரணம். கோபுரத்தில் நின்றபோது இராமானுசர் நரகத்தை யார் தலையில் வைத்தார்? தன் தலையில். மீறியவரும் அவர், விலை கொடுக்க நின்றவரும் அவர். நம்பியின் மீது ஒரு துளிப் பழியும் விழவில்லை. உன் கோபுரத்தில் நீ சொல்வாய், நரகம் வீட்டுக்காரருக்குப் போகும்.

எப்படி என்று கேள். 2008 ஜூலை 26-இல் அகமதாபாத்தில் தொடர் குண்டுவெடிப்பு. அதற்குச் சற்று முன்பாக டிவி நிறுவனங்களுக்கு வந்த மிரட்டல் மின்னஞ்சலின் தடம், நவி மும்பையில் ஓர் அமெரிக்கரின் வீட்டு இணைப்புக்குப் போய் நின்றது. பூட்டாத அவரது வை-ஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். விசாரணையை எதிர்கொண்டவர் அவர்தான். வெளியிலிருந்து பார்த்தால் தெரிவது இணைப்பு மட்டுமே. அதன் பின்னால் இருக்கும் பத்துப் பேர் தெரிவதில்லை. அந்தப் பையன்கள் நல்லவர்களாகவே இருக்கட்டும். அவர்களிடமிருந்து அடுத்த அறைக்கும், அங்கிருந்து டீக்கடைக்கும் போகும் சொல்லுக்கு யார் பொறுப்பு? இன்னொன்று: டபிள்யுபிஏ2-இல் பொதுப் பாஸ்வேர்டு தெரிந்தவன், நீ இணையும் நேரத்துப் பரிமாற்றத்தையும் பிடித்துவிட்டால், கூடுதல் மறையாக்கம் இல்லாத உன் போக்குவரத்தை வாசிக்கலாம். 2018-இல் வந்த டபிள்யுபிஏ3 இதைத் தடுக்கிறது. பழைய ரவுட்டர்கள் பலவற்றில் அது கிடையாது. பெரிய கம்பெனிகள் வை-ஃபைக்கு ஆளுக்கொரு பெயரும் பாஸ்வேர்டும் கொடுப்பது இதனால்தான். அங்கே அவரவர் கோபுரத்தில் அவரவரே நிற்கிறார்கள்.

சீடன்: அப்படியானால் அந்த இருவர்?

குரு: வீட்டுக்காரரிடம் நீயே கூட்டிப்போ. அவர்களுடைய அம்மாக்களைப் பற்றியும் சொல். பல ரவுட்டர்களில் விருந்தினர் நெட்வொர்க் என்று தனியாக ஒன்று உண்டு. அதற்கு வேறு பெயர், வேறு பாஸ்வேர்டு வைத்துக் கொடுக்கலாம், அறையைக் காலி செய்யும்போது மாற்றிவிடலாம். பழைய பாஸ்வேர்டையும் அவர் மாற்ற வேண்டியிருக்கும். அது உனக்குத் தெரியும் என்பதை நீ அவரிடம் சொல்லத்தானே போகிறாய்.