நாளைக்கு என்னும் சொல்

வீட்டிலிருந்தே கற்று, தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியாகப் பன்னிரண்டாம் வகுப்பை முடித்து, 1985இல் நிறுவப்பெற்ற இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் சேரும் இளைஞர் உண்டு. அவர்கட்கு வகுப்பு மணி இல்லை. ஆசிரியரின் கண்ணும் இல்லை. மூன்றாண்டுப் பட்டப்படிப்பை ஆறாண்டு வரையில் நீட்டிக்கொள்ளவும் இடமுண்டு. பாட நூல்கள் வந்த அன்றே அவற்றிற்கு அட்டையிட்டுப் பெயரெழுதி வைப்பர். பின்னர், 'நாளைக்குத் தொடங்கலாம்' என்பர். ஜூன் தேர்வு டிசம்பருக்குப் போகும். டிசம்பர் தேர்வு மறு ஜூனுக்குப் போகும்.

தந்தை முதலில், 'அவன் சுதந்தரம்' என்று வாளாவிருக்கிறார். தேர்வுக்கு முந்திய திங்களில், 'சோம்பேறி!' என்று சீறுகிறார். இவ்விரண்டில் எது அறம்? இரண்டும் அன்று என்பதே என் துணிபு.

சோம்பேறி என்பது பெரும்பாலும் பொய்யுரை. மகன் நாள் முழுதும் ஏதேனும் செய்துகொண்டுதான் இருக்கிறான். விரும்பிய நூலைப் படிக்கிறான். தங்கைக்குக் கணக்குச் சொல்லித் தருகிறான். அனுப்ப வேண்டிய ஒப்படைப்பை மட்டும் தொடுவதில்லை. வள்ளுவர் காலம் நீட்டித்தலையும் சோம்பலையும் ஒன்றாக்கவில்லை. மறதி, உறக்கம் என்பவற்றோடு சேர்த்து நான்காக எண்ணினார். நோய் வேறாயின் மருந்தும் வேறன்றோ? வீட்டில் கற்ற பிள்ளைக்குத் தன் எழுத்தை அயலார் ஒருவர் மதிப்பெண்ணிட்டுத் திருத்துவது புதிது. தொடங்காதவரையில் தோல்வியும் இல்லை. அஞ்சுகிறவனைச் சோம்பேறி என்றால் அவன் மறைக்கக் கற்றுக்கொள்கிறான். 'எழுதி அனுப்பிவிட்டேன்' என்று தாயிடம் கூறும் பொய் அன்று பிறக்கிறது.

இனிச் சுதந்தரம். யானும் ஆலைச் சங்கின் ஒலிக்கு எழுந்து பல்லாண்டு உழைத்தவன். வேலையை விட்டபின் பாலி இலக்கண நூலொன்று வாங்கினேன். எட்டுத் திங்கள் அது பலகையில் கிடந்தது. சொல்ல வெட்கமே. சங்கு ஊதாத நாளை அளக்க நான் கற்றிருக்கவில்லை. கொடுத்த காலம் எவ்வளவோ அவ்வளவிற்கும் வேலை விரிந்துகொள்ளும் என்று பார்க்கின்சன் என்னும் ஆங்கிலேயர் 1955இல் எழுதியது என்னளவில் மெய்யாயிற்று.

குடும்பக் கட்டினின்று விடுபட்ட பிக்குகட்கே பகவர் நாட்களைக் குறித்து வைத்தார். பதினைந்து நாளுக்கு ஒருமுறை சங்கத்தார் கூடிப் பாதிமோக்கம் ஓதுவர். அதற்கு முன், தவறியவர் தம் தவற்றை உடன்பிக்குவிடம் உரைப்பர்.

இம்முறையை வீட்டிற்குக் கொண்டு வரலாம். பாட நூல் அலகுகளாகவே பிரிக்கப்பட்டுள்ளது. தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் வினாக்களும் அதில் உண்டு. எந்த நாள், எந்த மணி, எந்த அலகு என்பதை மகனே எழுதட்டும். தந்தை எழுதினால் அது மேஸ்திரியின் கணக்காகிவிடும். முதல் நாளில் ஒரு வினாவிற்கு நான்கு வரி போதும், பிழையாயினும் ஆகுக. பதினைந்து நாளுக்கு ஒருமுறை, சினங்கொள்ளாத பெரியவர் ஒருவரிடம், மாமனாயினும் அண்டை வீட்டு ஆசிரியராயினும், எழுதியதைக் காட்டி, எழுதாததையும் சொல்லட்டும். தவறிய அலகுகளை அடுத்த வாரத்தின் தலையில் ஏற்றுதல் வேண்டா; அட்டவணையைத் திருத்திக்கொள்க. ஒப்படைப்புக்குப் பல்கலைக்கழகம் குறிக்கும் இறுதி நாளுக்கு மூன்று வாரம் முன்னதாகவே தன் இறுதி நாளை அவன் வைத்துக்கொள்வது நலம்.

அப்பொழுதும் எழுதாவிடின், 'இப்படிப்பு உனக்கு வேண்டுமா?' என்று ஒருமுறை அமைதியாகக் கேட்க வேண்டும். வேண்டா என்பானாயின், அன்று மாலையே தந்தையும் மகனும் தொழிற்பயிற்சி நிலையத்தின் விண்ணப்பத்தைப் பற்றிப் பேசலாம்.