ஈயும் கூண்டும்

குண்டலுபேட்டையினின்று வயநாடு செல்லும் நெடுஞ்சாலை பந்திப்பூர்க் காட்டினூடே செல்கின்றது. 2009 முதல் இரவு 9 மணி தொடங்கிக் காலை 6 மணி வரை அவ்வழியே பெரும்பாலான வாகனங்கள் செல்லத் தடையுண்டு. வனவிலங்குகள் அடிபட்டு மாளாதிருக்க மனிதர் தம் வசதியை ஓரளவு விட்டுக்கொடுத்தனர். காட்டுயிர்க்குக் காட்டிய அவ்வருளைக் கூண்டிலுள்ள கோழிக்கும் காட்டுகின்றோமா?

பெருங்கோழிப் பண்ணைகளைக் கிராமத்தார் எதிர்ப்பது எதன் பொருட்டு? எச்சத்தின் நாற்றமும், உண்ணும் சோற்றில் மொய்க்கும் ஈக்களுமே காரணம். அம்முறையீடு நியாயமானதே. 5000-க்கு மேற்பட்ட பறவைகளுள்ள பண்ணைகள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவைப் பெறல் வேண்டுமென 2020-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் ஆணையிட்டது.

அன்பர்களே! ஈயும் நாற்றமும் நீங்கிவிடின் தீமையும் நீங்கியதாகுமா? கூண்டிலடைத்த முட்டைக்கோழி சிறகை முழுதும் விரிக்கவும் இடமின்றித் தன் வாழ்நாளைக் கழிக்கின்றது. அத்தகைய வெறுங்கூண்டுகளை ஐரோப்பிய ஒன்றியம் 2012 முதல் விலக்கிவிட்டது. நம் மூக்கு அமைதியுற்றதனால் அதன் துயர் தீர்ந்ததென்று கொள்ளலாகாது.

பண்ணைக் கூலியால் அடுப்பெரிப்போரும் ஏழையரே. முட்டை ஏழைக் குழந்தைக்கு ஊட்டந்தருவதும் மெய்யே. இவற்றை மறுப்பது அறமன்று. ஆயினும் உயிர்களை விற்கும் வாணிபத்தைப் பகவன் புத்தர் உபாசகர்க்கு விலக்கினார் என்பதை நாம் மறத்தலாகாது.

ஊராரின் இன்னலும் கோழியின் இன்னலும் ஒரே வித்தினின்று முளைத்தவை. சிற்றிடத்தில் பல்லாயிரம் உயிர்களை நெருக்கி, செலவைக் குறைத்து ஆதாயத்தைப் பெருக்கும் ஆசையே அவ்வித்து. ஆதலின் பண்ணையை எதிர்த்து மனு எழுதுங்கால், ஈயைப் பற்றி எழுதிய வரியின் கீழ், கோழிக்காகவும் ஒரு வரி எழுதுவோமாக.