வாடிக்கை

தூண்டில், நரம்பு, மண்புழு, மீன்பிடி லைசென்ஸ் எல்லாம் இந்த ஊரில் துப்பாக்கிக் கடையில்தான் கிடைக்கும். அமெரிக்கச் சிற்றூர்கள் பலவற்றில் அப்படித்தான். முன்பக்கம் மழைக்கோட்டும் பூட்ஸும். பின்சுவரில் வரிசையாக ரைஃபிள்கள், கண்ணாடிப் பெட்டிக்குள் கைத்துப்பாக்கிகள். நான் முன்பக்கத்தோடு திரும்பிவிடுகிறவன். ஆனால் கல்லா ஒன்றுதான். இனியும் அங்கே வாங்குவதா என்ற கேள்வி கொஞ்ச நாளாக மனதில் கிடக்கிறது.

*

சட்டம் என்ன கேட்கிறது என்று முதலில் படித்தேன். துப்பாக்கியைத் தொழிலாக விற்பவருக்கு மத்திய அரசு உரிமம் வேண்டும். வாங்குபவர் படிவம் 4473-ஐ நிரப்ப வேண்டும். தனக்காகத்தான் வாங்குகிறாரா, வேறொருவருக்காகவா என்று அதில் ஒரு கேள்வி உண்டு. 1998 முதல் எஃப்பிஐயின் பின்னணிச் சோதனை. பெரும்பாலும் சில நிமிடங்களில் பதில் வந்துவிடும். பொதுவாக, மூன்று வேலை நாட்களுக்குள் வராவிட்டால் கடைக்காரர் பொருளைக் கொடுக்கலாம். கொடுத்தே ஆகவேண்டும் என்று மத்திய சட்டம் சொல்லவில்லை. 2015-இல் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் ஒன்பது பேரைக் கொன்றவனின் கைக்கு அந்த மூன்று நாள் கடந்துதான் துப்பாக்கி வந்தது. காத்திருக்க அந்தக் கடைக்காரருக்கு முழு உரிமையும் இருந்தது. அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது.

*

எந்தக் கடையின் சரக்கு குற்றவாளிகளிடம் அதிகம் போகிறது என்று வாடிக்கையாளர் அறிய முடியுமா? ஏறக்குறைய முடியாது. துப்பாக்கி விற்பனையைக் கண்காணிக்கும் ஏடிஎஃப் 2000-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது: குற்றங்களில் சிக்கி, விற்ற இடம் தேடப்பட்ட துப்பாக்கிகளில் பாதிக்கும் மேல், சுமார் ஒரு விழுக்காடு வியாபாரிகளிடமிருந்து வந்தவை. மற்றவர்களில் மிகப் பலர் கைசுத்தமாக வியாபாரம் செய்கிறார்கள் என்றுதான் இதற்குப் பொருள். அந்த ஒரு விழுக்காட்டில் என் ஊர்க் கடை இருக்கிறதா என்று கேட்டால் பதில் வராது. அத்தகவலைப் பொதுமக்களுக்குத் தரக்கூடாது என்று 2003-இல் நாடாளுமன்றம் தடை போட்டுவிட்டது.

ஆகவே கடை எப்படி நடக்கிறது என்று நம் கண்ணால்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. 2002-இல் தலைநகர் வாஷிங்டன் வட்டாரத்தில் பத்துப் பேரைக் கொன்ற ரைஃபிள், டகோமாவில் ஒரு கடையின் சரக்கு. அது காணாமல் போனதே கடைக்குத் தெரியவில்லை. பிறகு எண்ணிப் பார்த்தபோது இருநூறுக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளுக்குக் கணக்கில்லை.

*

நான் அதிகம் யோசித்தது நியூ ஹாம்ப்ஷயர் கடையைப் பற்றி. 2009-இல் ஒரு வாரத்துக்குள் மூன்று பேர், ஒருவரை ஒருவர் அறியாதவர்கள், அதே கடையில் துப்பாக்கி வாங்கினார்கள். சில மணி நேரத்துக்குள் மூவரும் தற்கொலை செய்துகொண்டார்கள். படிவம் சரி, சோதனை சரி. சட்டப்படி கடைமேல் ஒரு குற்றமும் இல்லை. அன்றைய உரிமையாளர் ரால்ஃப் டெமிக்கோ அத்தோடு விட்டுவிடவில்லை. பொதுச் சுகாதாரத் துறையினருடன் உட்கார்ந்து, மற்றக் கடைகளுக்கும் சேர்த்து, தற்கொலையைத் தடுக்க ஒரு வழிகாட்டி உருவாக உதவினார். எதையாவது கொடுங்கள் என்கிறவர், பராமரிப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்காதவர், வேலையோ மணவாழ்வோ முறிந்த வேதனை பேச்சில் தெரிகிறவர் வந்தால், இன்று வேண்டாம் என்று சொல்லலாம் என்கிறது அது. இந்த நாட்டில் ஆண்டுதோறும் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கும் மேல் தற்கொலைகள். அந்த வேகம் பெரும்பாலும் தணிந்துவிடக்கூடியது. தணியும்வரை கையில் ஆயுதம் இல்லாமல் இருந்தால் போதும், பலர் பிழைத்துக்கொள்கிறார்கள்.

அந்த மனிதர் துப்பாக்கி விற்றுப் பிழைத்தவர்தான். அப்படிப்பட்டவர் கடையில் நான் தயங்காமல் தூண்டில் வாங்குவேன்.

*

பேசாமல் விலகிவிடலாம் என்று ஒரு பக்கம் தோன்றுகிறது. ஆனால் விலகுவதன் பலத்தை இந்த வியாபாரம் வேறு திசையிலிருந்தே கண்டிருக்கிறது. துப்பாக்கி தயாரிக்கும் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் 2000-இல் கிளின்டன் அரசோடு உடன்பட்டு, பாதுகாப்புப் பூட்டுக்கும் கட்டுப்பாடான விற்பனைக்கும் சம்மதித்தது. கோபங்கொண்ட துப்பாக்கிப் பிரியர்கள் வாங்குவதை நிறுத்தினார்கள். மறு ஆண்டே அதன் பிரிட்டிஷ் உரிமையாளர்கள் அடிமாட்டு விலைக்கு விற்றுவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு கடைக்காரருக்கும் தெரிந்த கதை இது. கேள்வி கேட்கிறவர்கள் எல்லாரும் ஓசையின்றி விலகினால், கேள்வியே கூடாது என்கிறவர்களின் குரல் மட்டும்தான் அவர் காதில் விழும்.

இதை வீட்டில் சொன்னபோது, “நீங்களே மனசுக்குள்ள வழக்கு நடத்தாம, அவர்கிட்டயே கேட்டுடுங்களேன்” என்றாள் மனைவி.

கேட்கத்தான் போகிறேன். மூன்று நாள் கடந்தும் பதில் வராவிட்டால் காத்திருக்கிறீர்களா? கலங்கிய முகத்தோடு வருகிறவரைத் திருப்பி அனுப்பியதுண்டா? ஒரு குடும்பம் கொஞ்ச காலம் துப்பாக்கியைப் பத்திரமாக வைத்திருக்கச் சொன்னால் வாங்கி வைப்பீர்களா? கொலராடோவில் அப்படி வைத்துத் தரும் கடைகளுக்கு வரைபடமே போட்டிருக்கிறார்கள். சட்டம் விடுகிறது, நான் விற்கிறேன் என்று மட்டும் அவர் சொன்னால், காரணத்தை அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு அடுத்த ஊருக்குப் போய் மண்புழு வாங்கிக்கொள்வேன். யோசித்துப் பதில் சொன்னாரென்றால், இந்த வருஷ லைசென்ஸையும் அவரிடமே எடுப்பேன்.