சுண்டுவிரலும் பெருவிரலும்

காஞ்சிபுரத்துக் குழித்தறியின் முன் சற்று நேரம் நின்று பார்த்தவர், நெசவு கையால் மட்டும் ஆவதன்று என்பதை உணர்வர். கால் மிதியை அழுத்துகிறது. கை நாடாவைச் செலுத்துகிறது. கண் சரிகையைக் காவல் காக்கிறது. பாவில் ஓர் இழை அறுந்தால், பெருவிரலும் சுட்டுவிரலும் கூடி அதனை முறுக்கிப் பிணைக்கின்றன.

இத்தறியில் அமரும் ஒருவர் பெருவிரலை இழந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அவர் இழந்தது எவ்வளவு?

பணியில் ஊனமுற்றவரின் சம்பாதிக்கும் திறன் எத்துணை குறைந்தது என்பதற்கு, 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் ஓர் அட்டவணை வகுத்தது. பெருவிரலுக்கு நூற்றுக்கு 30; சுட்டுவிரலுக்கு 14; சுண்டுவிரலுக்கு 7. நெய்பவருக்கும் காவல் புரிபவருக்கும் அந்த எண் ஒன்றே. ஊனமுற்றோர் உரிமைகளுக்கான 2016ஆம் ஆண்டுச் சட்டமோ, 21 வகை ஊனங்களை ஏற்றுக்கொண்டு, வேலை ஒதுக்கீடு போன்றவற்றிற்கு 40 விழுக்காட்டை எல்லையாக்கியது. 40 பெற்றவர் உள்ளே செல்கிறார். 39 பெற்றவர் வாயிலில் நிற்கிறார்.

அங்ஙனமாயின் அளவே கூடாதென்பதா? அன்று. அளவில்லாத இடத்தில் செல்வாக்குடையவன் பெறுவான். பரிந்து பேச ஆளில்லாதவன் இழப்பான். எளியவனுக்கு எண்ணும் ஓர் அரணே. எதனை அளக்கிறோம் என்பதே கேள்வி.

நம் ஷரீஅத்திலும் விரலுக்குக் கணக்கு உண்டு. பிறரால் விரலிழந்தவருக்குரிய தியத், விரல் ஒன்றுக்குப் பத்து ஒட்டகங்கள். சுண்டுவிரலும் பெருவிரலும் இதில் சமமென்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். உமர் (ரலி) அவர்கள் முதலில் விரலுக்கு விரல் வேறுபடுத்தியிருந்து, நபிகளாரின் தீர்ப்பை அறிந்ததும் அதனைக் கைவிட்டார்கள் என்றும் ஓர் அறிவிப்புண்டு. பயனை வைத்து மனித உறுப்பின் மதிப்பை ஏற்றவும் இறக்கவும் நமக்கு உரிமையில்லை என்பதே இதில் நான் உணரும் பொருள். அதேவேளை, தொகை வரையறுக்கப்படாத காயங்களைத் தனித்தனியே ஆராய்ந்து மதிப்பிடும் பொறுப்பை ஃபிக்ஹு நீதிபதியிடம் ஒப்படைத்தது.

1975இல் நம் நாட்டு உச்ச நீதிமன்றத்தின் முன் ஒரு தச்சரின் வழக்கு வந்தது. அவர் முழங்கைக்கு மேல் இடக்கையை இழந்தவர். அட்டவணைப்படி அது முழு இழப்பன்று. ஆனால், ஒற்றைக் கையால் தச்சுவேலை செய்ய இயலாதாகையால் இழப்பு முழுமையானதே என்ற முடிவை நீதிமன்றம் உறுதி செய்தது. அட்டவணை கையைப் பார்த்தது. நீதிமன்றம் தச்சரைப் பார்த்தது.

மதிப்பு வேறு, தேவை வேறு. மதிப்பில் எல்லா மனிதரும் சமம். அங்கே விழுக்காட்டுக்கு இடமில்லை. தேவையோ ஆளுக்கு ஆள் மாறும். அங்கே ஒரே எண் போதாது. இவ்விரண்டையும் மாற்றிப் போடுவதே நாம் செய்யும் பிழை. ஊனத்தின் அளவுக்கு மதிப்பைக் குறைக்கிறோம்; சான்றிதழில் உள்ள எண்ணோடு உதவியை நிறுத்திக்கொள்கிறோம்.

ஜகாத் நாடி ஒருவர் நம் வாயிலுக்கு வரும்போது, அவர் அட்டையில் உள்ள எண்ணைப் பார்ப்பதில் தவறில்லை. அதற்கு முன்னர், அந்தக் கை இதுகாறும் என்ன வேலை செய்து வந்தது என்று கேட்போமாக.