கிளியும் பருந்தும்

பௌத்த நாடுகள் பலவற்றில் புனித நாட்களில் கூண்டுப் பறவைகளை விலைக்கு வாங்கிப் பறக்கவிடும் வழக்கம் உண்டு. நம்மில் சிலரும் வைசாகப் பௌர்ணமியன்று கிளியொன்றை அவ்வாறு விடுவித்தல் புண்ணியமென்று எண்ணுகின்றோம். கொல்கத்தாவில் காலேஜ் சதுக்கத்தருகே 1920-இல் எழுந்த தர்மராஜிக விகாரையின் வாயிலில் நின்று அண்ணாந்து நோக்குவோமாயின், வானிலே பருந்துகள் வட்டமிடக் காண்போம். கூண்டிலேயே வளர்ந்த கிளி அந்நிழலுக்கு அஞ்ச அறியுமோ? அறியாதெனின், நாம் அளித்தது விடுதலையா, மரணமா?

இவ்வினாவிற்குத் துணைபுரியும் உண்மை நிகழ்ச்சியொன்று உண்டு. கரீபியன் கடலிலுள்ள போர்த்தோ ரிக்கோத் தீவிற்கே உரிய பச்சைக்கிளி இனம், 1975-இல் காட்டிலே வெறும் 13 பறவைகளாகச் சுருங்கிற்று. அறிஞர்கள் கூண்டுகளில் குஞ்சு பொரிக்கச் செய்து, 2000-ஆம் ஆண்டு முதல் அவற்றை எல் யுங்கே காட்டில் விடுத்தனர். அவற்றுள் சிலவற்றைச் செவ்வால் பருந்துகள் கொன்றன.

உடனே, பருந்தைக் கொடியதென்று வெறுக்க மனம் முந்துகிறது. ஆனால் இவ்விரு பறவைகளும் அத்தீவில் நெடுங்காலம் சேர்ந்தே வாழ்ந்தவை. கிளிகள் ஏராளமாயிருந்த நாளில் பருந்தின் பசி அவ்வினத்தை அழித்துவிடவில்லை. காட்டை வெட்டியவனும், வளர்ப்பதற்கென்று குஞ்சுகளைக் கவர்ந்தவனும் மனிதனே. அவனால் இனம் சிறுத்த பின்னரே ஒவ்வோர் உயிரின் இழப்பும் பேரிழப்பாயிற்று. முதற் காரணத்தை மறந்து, இறுதியில் வந்ததை மட்டும் பழித்தல் நம் பகவன் காட்டிய நெறியன்று.

அறிஞர்கள் பின்னர், விடுவிக்கும் முன்னரே கிளிகளுக்குப் பருந்தின் உருவையும் குரலையும் காட்டி, ஆபத்தை உணரப் பழக்கினர். இன்று கூண்டிலும் காட்டிலுமாக அவை சில நூறாகப் பெருகியுள்ளன. கருணை அங்கே அறிவோடு சேர்ந்து உழைத்தது.

நாம் செய்யத்தக்கது யாது? 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டுக் கிளிகளின் வாணிபத்தைத் தடுக்கிறது. நாம் ஒன்றை வாங்கி விடுவித்தால், வேடன் அப்பணத்திற்காக இன்னொன்றைப் பிடிப்பான். ஆகவே கிளியை வாங்காதிருப்போம். பிடிபட்டதைக் கண்டால் வனத்துறையினரிடம் சேர்ப்பிப்போம். அது கூடு கொள்ளும் பொந்துள்ள முதிய மரத்தை வெட்டாது காப்போம்.

எல்லா உயிர்களிடத்தும் மைத்ரி கொள்வோமென்று நாம் உறுதி கூறுகையில், அச்சொல்லில் கிளியும் அடங்கும், பருந்தும் அடங்கும்.