துணி அலமாரியும் பொருள் வரைதலும்

தசலட்சண பர்வத்தின் எட்டாம் நாள் உத்தமத் தியாகத்துக்கும், ஒன்பதாம் நாள் உத்தம ஆகிஞ்சன்யத்துக்கும் உரியவை என்பதை நம் இல்லத்துச் சிறுவரும் அறிவர். முன்னது உள்ளதை விடுதல். பின்னது எதுவும் எனதன்று என உணர்தல். இரண்டும் ஒன்றுதானே, இதற்கு ஏன் இரு நாள்கள் என்று நாம் நெடுங்காலம் எண்ணியிருந்தோம். அவை வேறு வேறு என்பதை நமக்குக் கற்பித்தது பல்லடத்தில் உள்ள நம் வீட்டுத் துணி அலமாரியேயாகும்.

கடந்த ஆண்டு பர்வத்துக்கு முன்பாக அதனைத் திறந்து, உள்ளே இருந்தவற்றையெல்லாம் கூடத்தில் குவித்தோம். ஐந்தாண்டுகளாக உடுத்தாத சட்டைகள், திருமணங்களில் வைத்துக்கொடுத்த மடிப்புக் கலையாத சேலைகள், பிள்ளைகளுக்குச் சிறுத்துப்போன பள்ளிச் சீருடைகள், விலை மலிவு என்பதற்காகவே வாங்கிய பனியன்கள் எனக் குவியல் கட்டில் உயரத்துக்கு எழுந்தது. இத்தனையும் நம்முடையனவா என்று வியந்தோமேயன்றி, அப்போது வெட்கம் தோன்றவில்லை. வெட்கம் பின்னர்தான் வந்தது.

பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கும் அம்மையார் தெருவில் வந்தார். ஒவ்வொரு துணியையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், கழுத்துப்பட்டையைத் தடவினார், இழுத்து, இற்றுப்போயிற்றா என்று சோதித்தார். அவருடைய கண்ணுக்கு முன் நம் பெருமை நிற்கவில்லை. நாம் உயர்வாக எண்ணிய செயற்கை இழைச் சேலையை ஒதுக்கிவிட்டு, சாயம் மங்கிய பருத்தி வேட்டியை எடுத்துக்கொண்டார். நெடுநேரப் பேரத்துக்குப் பின் ஓர் எவர்சில்வர் குண்டானும் நான்கு தட்டுகளும் ஒரு தூக்குப்போணியும் நமக்குக் கிடைத்தன. அன்று மாலை அலமாரி காலியாயிற்று. சமையலறைப் பரண் நிறைந்துவிட்டது.

இங்கேதான் ஆன்றோர் வகுத்த கணக்கு நினைவுக்கு வந்தது. சிராவகர்க்குரிய ஐந்து அணுவிரதங்களில் இறுதியானது பொருள் வரைதல். புறப் பரிக்கிரகங்களை நிலம், மனை, வெள்ளி, பொன், கால்நடை, தானியம், ஏவல் மகளிர், ஏவல் ஆடவர், குப்பியம், பாண்டம் எனப் பத்தாக எண்ணுவது மரபு. குப்பியம் என்பதில் பருத்தி, பட்டு முதலிய துணி வகைகள் அடங்குமெனத் தத்துவார்த்த சூத்திரத்துக்கு உரை கண்ட பூச்சியபாதர் விளக்குகின்றார். அவ்வாறாயின் நாம் செய்தது யாது? குப்பியத்தைப் பாண்டமாக மாற்றினோம். பேரேட்டில் ஒரு பத்தியில் கழித்து அடுத்த பத்தியில் கூட்டினோம். விடுதல் என்ற ஒன்று அங்கே நிகழவே இல்லை.

பாத்திரத்துக்கு மாறாகப் பணம் பெற்றிருந்தால் என்ன? அப்போதும் நிலைமை இதுவே. விற்ற பணத்தைக் கொண்டு தீபாவளித் தள்ளுபடியில் புதியன வாங்குவோம். பழையன போயினவே என்ற எண்ணம் மனத்துக்கு உரிமைச்சீட்டும் வழங்கும். அலமாரியை ஒழித்தவர் வீட்டில் அடுத்த ஆண்டே அது முன்னினும் நிறைந்திருப்பதை நாம் கண்டிருக்கின்றோம்.

இக்காலத்தில் வீட்டை ஒழுங்குசெய்வது தனிக் கலையாகவே போற்றப்படுகின்றது. ஜப்பானியப் பெண்மணி மேரி கோண்டோ எழுதி 2011ஆம் ஆண்டு வெளிவந்த நூல் பல மொழிகளில் பரவியது. ஆடைகளையெல்லாம் ஓரிடத்தில் குவித்து, ஒவ்வொன்றாகக் கையிலேந்தி, இது எனக்கு மகிழ்ச்சி தருகின்றதா என வினவ வேண்டும்; தருவதை வைத்துக்கொண்டு பிறவற்றை விடலாம் என்பது அவருடைய வழி. பயனுள்ள வழிதான், மறுக்கவில்லை. ஆயினும் உமாசுவாமி ஆசாரியர் பரிக்கிரகத்தைப் பொருளின் அளவால் அளக்காமல் மயக்கத்தால், அதாவது மூர்ச்சையால், அளந்தார். அவ்வளவுகோலால் நோக்கின், மகிழ்ச்சி தராத சட்டை நம்மைப் பிணிக்கவில்லை. அது மடிப்புக்குள் தூங்குகின்றது. கையில் எடுத்ததும் மனம் துள்ளுகின்றதே, அந்தச் சேலையில்தான் கட்டு இருக்கின்றது. எளிதாக விடத்தக்கதை விட்டுவிட்டுத் தியாகம் என்று பெயரிட்டோமோ என ஐயுற்றோம்.

விற்பது தகாது, தானமே தக்கது என்று அன்பர் சிலர் கூறுவர். இதனோடு நாம் முழுதும் உடன்படவில்லை. 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின் நாகைக் கடலோரத்துக்கு லாரி லாரியாகப் பழந்துணிகள் வந்து குவிந்தன. கிழிந்தவையும் அழுக்கானவையும், அப்பகுதி மக்கள் உடுத்தவே உடுத்தாதவையும் அவற்றுள் இருந்தன. உற்றாரை இழந்து நின்ற மீனவக் குடும்பங்கள் அவற்றைத் தொடவில்லை. துணிகள் சாலையோரத்தில் கிடந்து வீணாயின. அனுப்பியவர் ஒவ்வொருவரும் தானம் செய்ததாகவே எண்ணியிருப்பர். உண்மையில் அவர்கள் தம் வீட்டுக் குப்பையை இடம் மாற்றினர். தில்லியில் அன்சு குப்தா 1999இல் தொடங்கிய கூஞ்ச் என்னும் அமைப்பு, அவ்வாறு கிடந்த துணிகளைத் திரட்டிப் பிரித்துப் பயனாக்கும் பணியிலும் ஈடுபட்டது. அவ்வமைப்பு சிற்றூர்களில் துணியை இரவலாகக் கொடுப்பதில்லை. கிணறு தூர்வாருதல், பாதை அமைத்தல் முதலிய ஊர்ப்பணிக்கு ஈடாக வழங்குகின்றது. பெறுபவர் தலைநிமிர்ந்து பெறுகின்றார். 2015இல் குப்தாவுக்கு மகசேசே விருது கிடைத்தது.

விலை கொடுத்துப் பெறுபவரும் அவ்வாறே. தம் காசைக் கொடுத்து வாங்கிய துணியை எவரும் தெருவில் எறிவதில்லை. நம்மிடம் குண்டானைத் தந்த அம்மையாரும் அத்துணிகளைத் தரம் பிரித்து விற்பார். உடுத்தத்தக்கவை உடலுக்குச் செல்லும், இற்றவை பட்டறைகளில் இயந்திரம் துடைக்கப் பயன்படும். பானிப்பட்டில் பழைய கம்பளி ஆடைகளைக் கிழித்து நூலாக்கி மலிவான போர்வை நெய்கின்றனர். நம் வட்டாரத்திலேயே திருப்பூரின் வெட்டுத்துண்டுகளைப் பஞ்சாக்கி மீண்டும் நூற்கும் ஆலைகள் உள்ளன. ஆகவே விற்றலில் இழிவில்லை. விற்றுவிட்டோம் என்பதை விரதமாக எண்ணுவதுதான் பிழை.

பல்லடத்தில் இருந்துகொண்டு இதனை எழுதுவதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. இவ்வூரைச் சுற்றி விசைத்தறிகளின் ஓசை ஓய்வதில்லை. எல்லோரும் துணியைக் குறைத்துக்கொண்டால் தறிக்காரர் என் செய்வார் என்று அண்டை வீட்டு நண்பர் கேட்டார். நேர்மையான கேள்வி. கூலிக்குக் காடா நெய்து கொடுக்கும் அவர்கள் 2022இன் தொடக்கத்திலும் கூலி உயர்வு வேண்டித் தறிகளை நிறுத்தியதை இவ்வட்டாரம் கண்டது. மலிவாக வாங்கி விரைவாக எறியும் வழக்கம் அவர்களை வாழவைப்பதாக நமக்குத் தோன்றவில்லை. அம்மலிவின் ஒரு பகுதி அவர்கள் கூலியிலிருந்தே பிடுங்கப்படுகின்றது. நொய்யலைப் பற்றிச் சொல்லவே வேண்டா. சாயக்கழிவு தேங்கிய ஒரத்துப்பாளையம் அணையின் நீர் உழவுக்கு ஆகாமற் போனது. 2011 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூட ஆணையிட்டது. அந்நீரில் மடிந்த ஓரறிவு, ஈரறிவு உயிர்களுக்குக் கணக்கில்லை. எறும்பை விலக்கி நடக்கும் நாம் உடுத்தாமலே மடித்துவைத்த பனியனுக்கும் அதில் பங்குண்டு. குறைவாகவும் உரிய விலை கொடுத்தும் வாங்கினால் தறிக்காரர்க்குக் கேடு வருமென்று கூற இயலாது. ஆயினும் நம் விடையால் நண்பர் முழுதும் அமைதியுற்றார் என்றும் கூற மாட்டோம்.

ஆதலின் இவ்வாண்டு முறையை மாற்றினோம். முதலில் விற்கவில்லை, முதலில் எண்ணிக்கை எழுதினோம். வீட்டில் ஒவ்வொருவர்க்கும் இத்தனை மேலாடை, இத்தனை கீழாடை, இத்தனை போர்வை என்று ஓராண்டுக்கு வரையறுத்து, அத்தாளை அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டினோம். பெண்மக்களுக்கு எண்ணிக்கை கூடுதலாக வேண்டுமென வாதம் எழுந்தது, ஒப்புக்கொண்டோம். விரதம் தன்னாற்றலுக்கு ஏற்பத்தானே. மிகுந்தவற்றில் நல்லனவற்றைத் துவைத்து, பித்தான் தைத்து, அளவு கேட்டு, வேண்டுவோர்க்குக் கொடுத்தோம். ஏனையவற்றை விற்ற தொகை அன்னதானத்துக்குச் சென்றது. நம் கைக்குத் திரும்பவில்லை.

ஒன்று மட்டும் எஞ்சியது: மறைந்த நம் தாயாரின் கூறைப்புடவை. ஆயிரக்கணக்கான கூட்டுப்புழுக்களை வெந்நீரிலிட்டு எடுத்த பட்டு என்பதை அறிந்தே நம் வீட்டில் பட்டு வாங்குவதை நிறுத்தி ஆண்டுகள் பல ஆயின. பழைய பட்டுச்சேலை வாங்குவோர் தெருவில் கூவிக்கொண்டு வந்தபோது, சரிகையிலுள்ள வெள்ளிக்காக நல்ல விலை கேட்டனர். விற்றால் கொலையின் விலை கைக்கு வரும், பிறர்க்கு உடுத்தக் கொடுத்தால் நாம் விலக்கியதை அவர் தோளில் ஏற்றுவதாகும், வைத்திருந்தால் மூர்ச்சை. மூன்றையும் இரவெல்லாம் பேசினோம். முடிவு எட்டவில்லை. புடவை இப்போதும் அடித்தட்டில் வெள்ளைத் துணியில் சுற்றிக் கிடக்கின்றது. கதவில் ஒட்டிய எண்ணிக்கையில் அதனையும் சேர்த்தே எழுதினோம். அதனால் இவ்வாண்டு நம் இல்லத்தரசியார் ஒரு சேலை குறைவாக வாங்கினார்.